பழைய துப்பாக்கியில் துரு! வாங்கலாமா, கூடாதா?

"துப்பாக்கியா? அது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

கோவைப் பக்கம் சில தோட்டத்து வீடுகளில் இன்றும் ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. தாத்தா காலத்தில் வாங்கியது. சீமையில் செய்தது. உரிமமும் உண்டு. தாத்தா காலமானதும் அந்த வீட்டில் ஒரு பேச்சு எழும். வைத்துக்கொள்வதா, விற்பதா? இன்னொரு வீட்டில் வேறு பேச்சு எழும். வாங்குவதா, வேண்டாமா?

வாங்க வந்தவர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அங்கங்கே துரு. துணியால் துடைக்கிறார். துரு போகிறது. அதன் அடியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றன. அம்மை போட்ட முகத்தில் தழும்பு இருப்பது போல!

"அது ஒன்றுமில்லைங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும்" என்கிறார் விற்கிறவர்.

"ஐயோ, துரு பிடித்த துப்பாக்கியா? தொடவே வேண்டாம்" என்கிறார் கூட வந்தவர்.

யார் சொல்வது சரி?

என் அபிப்பிராயத்தில், இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

சின்னத் துருக்குழி ஒரு நல்ல துப்பாக்கியைக் கெடுத்துவிடாது. அந்தக் குழியை மறைக்க யாரோ செய்த வேலைதான் கெடுக்கும். ஆகையால், துருவைக் கண்டு பயப்படாதீர்கள். மெருகைக் கண்டு சந்தேகப்படுங்கள்!

தறிக்காரருக்குத் தெரியாததா?

சோமனூர் விசைத்தறி ஊர். பழைய தறியை விற்பதும் வாங்குவதும் அங்கே புதிதல்ல. பழைய தறி ஒன்று புதுப் பெயிண்டில் மினுமினு என்று நிற்கிறது. அனுபவசாலி என்ன செய்வார்? பெயிண்டைப் பார்த்து மயங்குவாரா? மாட்டார். "இதற்கு ஏன் இப்போது பெயிண்ட் அடித்தார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார். பெயிண்டுக்கு அடியில் விரிசல் இருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பார். சுழலும் தண்டு தேய்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். பெயிண்டே இல்லாமல், மேலுக்குத் துருவோடு நிற்கும் தறி உள்ளே உறுதியாக இருந்தால், அதற்குத்தான் பணம் கொடுப்பார்.

அந்தியூர் சந்தையில் மாடு பிடிக்கிறவரும் அப்படித்தான். கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து விலை பேச மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்.

அதே புத்தி துப்பாக்கிக்கும் வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம். தறி பழுதானால் துணி கெடும். துப்பாக்கி பழுதானால் கை போகும், கண் போகும்.

மாமனார் கேட்ட கேள்வி

சோமனூரில் ஒரு மாப்பிள்ளை இப்படி ஒரு துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வந்து மாமனாரிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"மாமா, குழலுக்குள்ளே கண்ணாடி மாதிரி இருக்குதுங்க!"

"துப்பாக்கிக்கு வயசு எத்தனைங்க மாப்பிள்ளை?"

"எண்பது வருஷமாவது இருக்குமுங்க."

"எண்பது வருஷத்துச் சாமான் கண்ணாடி மாதிரி இருக்கோணுமுன்னா, ஒண்ணு ரொம்ப அருமையா வெச்சிருந்திருக்கோணும். இல்லாட்டி, யாரோ தேய்ச்சிருக்கோணும். எதுன்னு கேட்டீங்களா?"

மாப்பிள்ளை கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை!

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதைப் புரிந்துகொள்ள, துரு என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

இரும்பைத் தின்னும் நோய்

இரும்பும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாக உண்டாகும். துரு என்பது இரும்பின்மேல் வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. இரும்பே துருவாக மாறிவிடுகிறது. துருவைத் துடைத்தால் அந்த அளவு இரும்பும் போய்விடுகிறது. அதுதான் குழி. போன இரும்பு திரும்பி வராது.

அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருந்த சிறு கேப்பில் ஒரு விதமான உப்பு மருந்து உண்டு. சுட்டதும் அதன் மிச்சம் குழலுக்குள் படியும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாலையில் சுட்டுவிட்டு, குழலைக் கழுவித் துடைக்காமல் தூங்கிவிட்டால், சில நாளிலேயே உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். கறுப்பு வெடிமருந்தின் கரியும் அப்படியே. பழைய துப்பாக்கிகளின் உள்ளே குழி இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம், அது வாழ்ந்த இடம். சோமனூர்ப் பக்கம் வறண்ட காற்று. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஓயாத மழை. மலையில் இருந்த துப்பாக்கிக்கும் சமவெளியில் இருந்த துப்பாக்கிக்கும் ஒரே உடம்பு இருக்குமா? ஆகவே, "இது எங்கே இருந்தது?" என்று விற்கிறவரைக் கேளுங்கள். தோல் உறையிலேயே வைத்திருந்தார்களா என்றும் கேளுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அழகான உறை பல துப்பாக்கிகளுக்கு எமனாகியிருக்கிறது!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நல்ல பழைய குழலின்மேல் இருக்கும் கருமையான மெருகும் ஒரு வகைத் துருதான்! துப்பாக்கிக் கொல்லர் வேண்டுமென்றே மெல்லிய துரு ஏற்றுவார். பிறகு கொதிக்கும் நீரில் போடுவார். சிவப்புத் துரு கறுப்பாக மாறும். மேலே உதிர்வதைத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி அதையே செய்வார். பல தடவை செய்த பிறகு அந்தக் கருமை நிற்கும். அது கெட்ட துருவை ஓரளவு தடுக்கும்.

ஐந்து தாள் கனம்!

நாட்டில் அதிகம் புழங்குவது "12 போர்" என்ற துப்பாக்கி. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? குழலின் துவாரத்துக்குச் சரியாக ஈயக் குண்டு வார்த்தால், 12 குண்டு சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கும். அதனால்தான் 12. அந்தத் துவாரத்தின் அகலம் 0.729 அங்குலம், அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர்.

தோட்டா வெடிக்கும்போது குழலின் அடியில், தோட்டா இருக்கும் அறையில், அழுத்தம் மிக அதிகம். லாரி டயருக்குள் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு அழுத்தம். இங்கேயோ 6,000 பவுண்டுக்கும் மேல்! அதனால் அங்கே குழலின் சுவர் கனமாக இருக்கும். வாயை நோக்கிப் போகப் போக அழுத்தம் குறையும். சுவரும் மெல்லியதாகும்.

எவ்வளவு மெல்லியது? நல்ல சீமைத் துப்பாக்கிகள் கைக்கு லேசாக இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டவை. குழலின் சுவர் எந்த இடத்திலாவது 0.020 அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் அனுபவமுள்ள கொல்லர்கள் எச்சரிப்பார்கள். 0.020 அங்குலம் என்றால் அரை மில்லிமீட்டர். நாம் எழுதும் சாதாரணக் காகிதத்தில் ஐந்து தாளை அடுக்கிப் பாருங்கள். அவ்வளவுதான் கனம்!

இப்போது யோசியுங்கள். ஒரு குழி ஒரு தாள் ஆழம் இருக்கிறது. அது குழியாகவே இருந்தால், அந்தப் புள்ளியில் மட்டும்தான் இரும்பு குறைவு. அதை மறைக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? குழியை நிரப்ப முடியாது. சுற்றிலும் உள்ள நல்ல இரும்பையெல்லாம் ஒரு தாள் கனத்துக்குத் தேய்த்து எடுக்க வேண்டும். அப்போதுதான் குழி மறையும். கண்ணுக்கு அழகு வந்துவிடும். குழலுக்கோ ஆயுள் போய்விடும்!

குழி ஒரு புள்ளியின் நஷ்டம். மெருகு குழல் முழுவதற்கும் நஷ்டம். மாமனார் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான்.

பார்ப்பது எப்படி?

முதல் காரியம்: இரண்டு குழலையும் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் நிச்சயம் செய்துகொள்ளுங்கள். "காலியாகத்தான் இருக்கிறது" என்ற வார்த்தையை நம்பி நடந்த விபத்துகள் கொஞ்சமல்ல. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாவது: விற்கிறவரைக் கொண்டே குழலைக் கட்டையிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். எண்ணெய்த் துணியால் உள்ளே நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். ஒட்டிய ஈயமும் கரியும் குழி மாதிரியே தோன்றும். துடைத்தால் போவது அழுக்கு. போகாதது குழி.

மூன்றாவது: குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். ஜன்னல் கம்பியின் நிழல் குழலுக்குள் நேர்கோடாக ஓட வேண்டும். கோடு எங்கேயாவது உடைந்தாலோ நெளிந்தாலோ அங்கே நசுக்கல் உண்டு. கருப்புப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடியில், அழுத்தம் மிகுந்த இடத்தில், ஆழமான குழி இருந்தால் அபாயம். நடுவிலும் வாய்ப் பக்கத்திலும், சுவர் மெல்லிய இடத்தில், ஆழமான குழி இருந்தாலும் அபாயம். லேசாகத் தூவினாற் போல் மேலோட்டமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். துப்பாக்கியைத் தள்ள வேண்டியதில்லை.

நான்காவது: குழலுக்குக் கீழே கை பிடிக்கும் மரத்தைக் கழற்றிப் பாருங்கள். மரமும் இரும்பும் சேரும் இடத்தில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். வெளியே பளபள, உள்ளே அரிப்பு! இந்த இடத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஐந்தாவது: மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். அதே பரீட்சைதான் இங்கும். கழற்றிய குழல்களை அடியிலுள்ள கொக்கியைப் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் மொட்டியால் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டைகள் கெட்டியாக இருக்கின்றன. "டப்" என்று செத்த ஒலி கேட்டால் பற்று விட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் துரு தின்றுகொண்டிருக்கலாம்.

ஆறாவது: அளவு. இதுதான் மிக முக்கியம். வாயில் மட்டும் அளந்தால் போதாது. நடுக் குழலில் சுவரின் கனத்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கொல்லரிடம் காட்டி அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பது, காப்பு வாங்கும்போது உரைத்துப் பார்க்காமல் வாங்குவது போன்றது!

முத்திரை என்ன சொல்கிறது?

பிரிட்டனில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குழலைப் பலமான மருந்து போட்டு வெடித்துச் சோதித்து, தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துவார்கள். பர்மிங்காமில் இந்தச் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. முத்திரை குழலின் அடிப்பக்கத்தில் இருக்கும். பிறந்தபோது துவாரம் எவ்வளவு அகலம் என்பதும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். அடியிலிருந்து 9 அங்குலத் தூரத்தில் அளக்கும்போது, குறித்த அளவைவிட 0.010 அங்குலத்துக்கு மேல் அகன்றுவிட்டால், பழைய பிரிட்டிஷ் விதிப்படி அந்த முத்திரை செல்லாது. யாரோ தேய்த்தார்களா, இல்லையா என்பதை இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்!

இன்னொன்று. சில பழைய குழல்களில் புடவைக் கரை போல் நெளி நெளியான கோலம் தெரியும். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கிப் பின்னிச் சூட்டில் ஒட்டிச் செய்தவை அவை. "டமாஸ்கஸ் குழல்" என்று பெயர். அந்தப் பெயர் டமாஸ்கஸ் வாளிலிருந்து இரவல் வந்தது. புகழ்பெற்ற அந்த வாள்களுக்கு எஃகு போனது தென்னிந்தியாவிலிருந்து! நம் நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டம் கொடுமணலில், பழங்காலத்து இரும்பு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. எஃகு நமக்குப் புதிதல்ல.

ஆனால் டமாஸ்கஸ் குழலில் ஜாக்கிரதை! ஒட்டிய இடுக்குகளின் வழியே துரு உள்ளே போனால் வெளியே தெரியாது. அவை பெரும்பாலும் கறுப்பு மருந்துக் காலத்துக்கு ஆனவை. இன்றைய தோட்டாவை அதில் போடுவது விஷப் பரீட்சை. அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் குழலிலும் தோட்டாவின் நீளத்தைக் கவனியுங்கள். பல பழைய சீமைத் துப்பாக்கிகளின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு ஆனது. இன்று புழங்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை அதில் திணித்தால் அழுத்தம் ஏறும்.

உப்புத்தாளும் சட்டமும்

"நம் கோவையில் இல்லாத லேத்தா? ஒரு மணி நேரத்தில் வழவழப்பாக்கிவிடலாமே!" என்று சிலர் நினைப்பார்கள். நம் லேத்துக்காரர் கைவேலையில் யாருக்கும் சளைத்தவர் அல்ல. ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் சோதிக்கவும் தொழில் உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிமம் இல்லாத பட்டறையில் கொடுத்தால், கொடுத்தவருக்கும் செய்தவருக்கும் வம்பு.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. துப்பாக்கியில் குத்திய பெயரையும் எண்ணையும் அழிக்கக் கூடாது. துருவைத் தேய்க்கப் போய் எண்ணைத் தேய்த்துவிட்டால்? அழகு பார்க்கப் போய்க் கோர்ட்டைப் பார்க்க வேண்டி வரும்!

ஆகையால், குழலைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். துப்பாக்கியின் எண்ணும் விற்கிறவரின் உரிமத்திலுள்ள எண்ணும் ஒன்றுதானா? உங்களுக்கு உரிமம் இருக்கிறதா? உரிமம் இல்லாமல் ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. "நாலு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்ற பேச்சே கிடையாது. தனியார் ஒருவர் விற்பதானால், யாருக்கு விற்கிறார் என்பதை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

"காட்டுப் பன்றியும் மயிலும் வெள்ளாமையை அழிக்கின்றனவே, அதற்காகத்தான் வாங்குகிறேன்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் கஷ்டம் உண்மையானது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் அவற்றைச் சுட முடியாது. துப்பாக்கி உரிமம் வேறு. வேட்டை அனுமதி வேறு. இதை நினைத்து வாங்குகிறவர்கள் பணத்தைக் கட்டுமுன் யோசிக்கட்டும்.

முடிவாக என்ன செய்யலாம்?

வெளியே மட்டும் துருக்குழி, உள்ளே சுத்தம், சுவர் கனமாக இருக்கிறது, எண் சரியாக இருக்கிறது. தாராளமாக வாங்கலாம். வெளிக்குழியை அப்படியே விட்டு, எண்ணெய் தடவி வையுங்கள். அது துப்பாக்கியின் வயது, அவமானம் அல்ல.

உள்ளே லேசான குழி. சுவர் கனமாக இருக்கிறது. கொல்லர் "சரி" என்றால் வாங்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் உடனே துடைக்க வேண்டும். குழியில் அழுக்கு தங்கும். அங்கே துரு மறுபடி தலை காட்டும்.

உள்ளே கண்ணாடி; ஆனால் சுவர் மெல்லியது. வேண்டவே வேண்டாம்! எவ்வளவு பெரிய கம்பெனிப் பெயர் பொறித்திருந்தாலும் வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. குழல் வெடிப்பதற்குப் பெரும்பாலும் சின்னத் துருக்குழி காரணம் அல்ல. குழலுக்குள் மண்ணோ, துணியோ, வேறு அளவுத் தோட்டாவோ அடைத்திருப்பதுதான் அதிகமாகக் காரணம். சுடுமுன் குழலுக்குள் ஒரு முறை பார்த்தால் தவிர்த்துவிடலாம். தேய்ந்து மெலிந்த குழல் அப்படியல்ல. பார்த்தாலும் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று ஒதுங்காதீர்கள். பானையைத் தட்டி வாங்கத் தெரிந்தவர்கள் நீங்கள். "அளந்து பார்த்தீர்களா? காகிதம் சரியாக இருக்கிறதா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால், அந்தத் துப்பாக்கி வாசற்படி தாண்டக் கூடாது.

தழும்புள்ள முகத்தை நம்பலாம். அது பட்டதை மறைக்கவில்லை. பூச்சு பூசிய முகத்தைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும். மனிதருக்கும் அப்படித்தான், துப்பாக்கிக்கும் அப்படித்தான்!